காசோலையும் கணக்கு எண்ணும்: எழுதுவதிலிருந்து கிழிப்பது வரை ஒரு முழு வழிகாட்டி

நான் வேலை பார்த்த வங்கிக் கிளைக்கு எதிரில் ஒரு டீக்கடை இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி கேட்டேன், கடைக்காரர் ஒரு தாளைக் கிழித்து அதில் வைத்துக் கொடுத்தார். தின்று முடித்து அதே தாளில் கையைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன், அது ஒரு காசோலையின் ஜெராக்ஸ். ஒரு ஓரம் கறுப்படித்துப்போன நகல், அதனால் ஜெராக்ஸ் கடையில் வேஸ்ட் என்று ஒதுக்கியிருக்கிறார்கள், அது எடைக்குப் போய் டீக்கடைக்கு வந்துவிட்டது. எண்ணெய் ஊறியிருந்தும் கணக்கு எண் பளிச்சென்று தெரிந்தது. குறுக்கே இரண்டு கோடு போட்டு 'கேன்சல்டு' என்று எழுதி, கீழே முழுக் கையெழுத்தும் போட்டிருந்தது. மேல் ஓரத்தில் பேனாவால் ஒரு கைபேசி எண்.

கணக்கு எங்கள் கிளையுடையதுதான், பென்ஷன் வாங்கும் ஓர் அம்மாவுடையது. மறுநாள் அவரை வரவழைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, நம்பர் தெரிஞ்சா பணத்தை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நேரான பதில்: கணக்கு எண் மட்டும் தெரிந்தால் எடுக்க முடியாது. ஆனால் அந்தத் தாளில் இருந்தது எண் மட்டுமல்ல. கணக்கு எண், கையெழுத்து, கைபேசி எண் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. ஆபத்து அந்தச் சேர்க்கையில்தான். இந்த மூன்றும் ஒரே தாளில் சேராமல் பார்த்துக்கொள்வதற்கான வேலைதான் கீழே சொல்லப்போவது முழுவதும். இந்திய வங்கிகளின் காசோலையை வைத்தே சொல்கிறேன்.

தாளில் என்னென்ன இருக்கிறது

உங்கள் செக் புக்கை எடுத்து ஒரு லீஃபை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கட்டத்துக்குள் கணக்கு எண், வலது பக்கம் கீழே கையெழுத்து போடும் இடத்துக்கு மேல் உங்கள் பெயர், மேலே கிளையின் முகவரியும், எந்த வங்கி எந்தக் கிளை என்று காட்டும் 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி குறியீடும். அடியில் வெள்ளைப் பட்டையில் வித்தியாசமான எழுத்துருவில் எண்கள் வரிசையாக இருக்கும், அதுதான் எம்ஐசிஆர் பட்டை. இடமிருந்து முதலில் 6 இலக்கத்தில் காசோலை எண், அடுத்து 9 இலக்கத்தில் ஊர், வங்கி, கிளை மூன்றுக்கும் மும்மூன்று இலக்கம் (சென்னை என்றால் 600 என்று தொடங்கும், பின்கோடு மாதிரியே), அதன்பின் கணக்கு தொடர்பான ஒரு 6 இலக்கம், கடைசியில் கணக்கு எந்த வகை என்று சொல்லும் 2 இலக்கம்.

ஆகவே நீங்கள் யாருக்குக் காசோலை கொடுத்தாலும் அவருக்கு உங்கள் பெயர், கணக்கு எண், கிளை, கையெழுத்து எல்லாம் தெரிந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க வழியே இல்லை. அப்படித்தான் காசோலைகளுக்கான 1881-ஆம் வருட நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டக் காலத்திலிருந்து இந்தக் காகிதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெறுபவருக்கு உங்கள் எண் தெரியக் கூடாது என்றால் காசோலையே கொடுக்காதீர்கள், டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துக் கொடுங்கள். அதில் உங்கள் கணக்கு எண் வராது. 2018 செப்டம்பர் 15 முதல் எடுக்கிற டிராஃப்டில், எடுத்துக் கொடுக்கும் உங்கள் பெயர் மட்டும் அச்சாகும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நீங்கள் போடுகிற காசோலை இப்போது ஊர் ஊராகப் பயணம் செய்வதில்லை, அதன் படம்தான் போகிறது. சிடிஎஸ் என்கிற இந்த முறை 2008 பிப்ரவரியில் தில்லியிலும் 2011 செப்டம்பரில் சென்னையிலும் தொடங்கியது. ஒவ்வொரு காசோலைக்கும் மூன்று படம் எடுக்கிறார்கள்: முன்பக்கம் இரண்டு விதமாக, பின்பக்கம் ஒன்று. அதாவது பின்பக்கம் நீங்கள் எழுதுகிற கைபேசி எண்ணும் படமாகி எதிர்த்தரப்பு வங்கிக்குப் போகிறது. காகிதம் நீங்கள் போட்ட வங்கியிலேயே தங்கிவிடும், 10 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பின்னால் கிறுக்குவதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து எதையும் எழுதிவிடாதீர்கள்.

எண் தெரிந்தவன் என்ன செய்ய முடியும்

எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் மட்டும் இருந்தால் உங்கள் கணக்கில் பணம் போட முடியும், எடுக்க முடியாது. அதனால்தான் கம்பெனிகள் தங்கள் பில்லிலேயே கணக்கு எண்ணை அச்சடித்துக் கொடுக்கின்றன. ஆனால் முன்பின் தெரியாதவர் போடும் பணமும் தொந்தரவாகலாம். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனது என்று தெரிந்தால் போலீஸ் சொல்லிக் கணக்கையே முடக்கிவைப்பார்கள்.

எண்ணோடு கைபேசி எண் சேர்ந்தால் கதை வேறு. "வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கணக்கு 4417 என்று முடிகிறதுதானே, இன்ன கிளைதானே" என்று ஒருவன் ஆரம்பித்தால் கேட்பவர் நம்பிவிடுவார். பிறகு ஓடிபி கேட்பான். அந்த அம்மாவின் தாள் தப்பான கையில் கிடைத்திருந்தால் முதலில் நடந்திருக்கக் கூடியது இதுதான்.

எண்ணோடு கையெழுத்து சேர்ந்தால் இன்னும் மோசம். அதை வைத்து அதே மாதிரி போலிக் காசோலை தயாரிக்க முடியும். 2020 செப்டம்பரில் அயோத்தி ராமர் கோயில் அறக்கட்டளையின் கணக்கிலிருந்து இப்படித்தான் 6 லட்சம் ரூபாய் போனது. இரண்டு போலிக் காசோலைகள், அசல் லீஃபோ அறக்கட்டளையிடமே பத்திரமாக இருந்தது. மூன்றாவதாக 9.86 லட்சத்துக்கு ஒன்று வந்தபோது வங்கியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது.

செக் புக் கைக்கு வந்த அன்று

கவரைப் பிரித்ததும் லீஃபுகளை எண்ணுங்கள். நடுவிலிருந்து ஒன்றை உருவியிருந்தால் பல மாதம் கழித்துத்தான் தெரியும், அப்போது நீங்கள் எழுதித் தொலைத்தீர்களா, வரும்போதே இல்லையா என்று நிரூபிக்க முடியாது. முதல் எண், கடைசி எண் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

செக் புக்குக்குள் புதிய புத்தகம் கேட்கும் ரெக்விசிஷன் சீட்டு ஒன்று இருக்கும். அதில் உங்கள் கணக்கு எண் ஏற்கனவே அச்சாகியிருக்கும், கையெழுத்து போட்டால் போதும், 25 லீஃப் வந்துவிடும். லீஃபைப் பத்திரமாக வைப்பவர்கள்கூட இந்தச் சீட்டைக் கவனிப்பதில்லை. இப்போது ஆப்பிலேயே செக் புக் கேட்டுவிடலாம் என்பதால் சீட்டைக் கிழித்தே போட்டுவிடலாம் என்பது என் யோசனை.

பாஸ்புக்கும் செக் புக்கும் ஒரே பையில் வேண்டாம். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் முகவரியும் போட்டோவும் இருக்கிறது. பை தொலைந்தால் எல்லாமே ஒன்றாகப் போய்விடும்.

செய்ய முடிந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். காசோலை கொடுப்பதற்கென்றே தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, ஸ்கூல் பீஸ், மேஸ்திரிக்குக் கொடுப்பது எல்லாம் அதிலிருந்து போகட்டும். சேமிப்பு இருக்கும் கணக்குக்குச் செக் புக்கே வாங்க வேண்டாம், அந்த எண் எந்தக் காகிதத்திலும் வெளியே போகாது. கடை வைத்திருக்கும் சிலர் சொல்லிக்கொடுக்காமலே இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதும்போது

உங்கள் சொந்தப் பேனாவில் எழுதுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடன் வாங்கித் தருகிறேன் என்று வீட்டுக்கு வரும் ஏஜென்ட் தன் பேனாவில் தொகையையும் பெயரையும் எழுதிவிட்டுக் கையெழுத்தை மட்டும் உங்கள் பேனாவில் போடச் சொல்வான். அவன் பேனா மை சூடு பட்டால் மறைந்துபோகும். பிறகு மிஞ்சுவது உங்கள் கையெழுத்து மட்டும் இருக்கும் வெற்றுக் காசோலை. 'கேன்சல்டு' என்று அவனே எழுதிக்கொடுத்தாலும் இதே கதைதான்.

பெயர் எழுதிய பிறகு மீதி இடத்தில் ஒரு கோடு இழுங்கள். இடது மூலையில் இரண்டு கோடு போட்டு நடுவில் 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதுங்கள். 'பேரர்' என்ற அச்சை அடித்துவிடுங்கள். இப்படிச் செய்தால் அந்தப் பணம் பெயருள்ளவர் கணக்குக்குத்தான் போக வேண்டும், கவுன்ட்டரில் ரொக்கமாக வாங்க முடியாது. காசோலையைத் தாராளமாகத் தமிழிலும் எழுதலாம், வங்கி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கு எண்ணை மறைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் எண்ணை எழுதுவதுதான் பாதுகாப்பு என்கிற இடமும் உண்டு. அது பெயர் எழுதும் வரி. வங்கியின் பெயரிலோ மியூச்சுவல் ஃபண்ட் பெயரிலோ காசோலை எழுதும்போது வெறும் நிறுவனப் பெயரோடு விட்டால் இடையில் எடுப்பவன் அதை வேறொருவர் கணக்குக்கோ விண்ணப்பத்துக்கோ பயன்படுத்திவிட வழி இருக்கிறது. பெயரை எழுதி, தொடர்ந்து எதற்காக, யார் கணக்குக்காக என்பதையும் எழுதிவிடுங்கள்: வைப்புத்தொகை என்றால் உங்கள் பெயர், ஃபண்ட் என்றால் ஃபோலியோ எண், காப்பீடு என்றால் பாலிசி எண். இங்கே அந்த எண் பணம் போகும் திசையைப் பூட்டுகிறது.

தப்பாக எழுதிவிட்டால் அடித்துத் திருத்தி பக்கத்தில் கையெழுத்து போடும் பழக்கம் இன்னும் பலருக்கு இருக்கிறது. சிடிஎஸ்ஸில் தேதியைத் தவிர வேறு எதையும் திருத்தக் கூடாது, திரும்பி வந்துவிடும். புது லீஃப்தான் எடுக்க வேண்டும். பழையதைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அதை என்ன செய்வது என்று பின்னால் வருகிறேன்.

தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பாசிட்டிவ் பே என்கிற வசதியைப் பயன்படுத்துங்கள். 2021 ஜனவரி 1-இல் வந்தது. காசோலை எண், தேதி, யாருக்கு, எவ்வளவு என்று ஆப்பிலோ கிளையிலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வருகிற காசோலை அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் தருவார்கள். 5 லட்சமோ அதற்கு மேலோ போனால் கட்டாயமாக்கவும் வங்கிக்கு அனுமதி இருக்கிறது. போலிக் காசோலைக்கு எதிராக இதைவிட நல்ல தடுப்பு நம் கையில் வேறில்லை. போலி தயாரிப்பவன் உங்கள் கையெழுத்தை எவ்வளவு அச்சாகப் போட்டாலும் நீங்கள் வங்கிக்கு என்ன சொல்லிவைத்தீர்கள் என்பது அவனுக்குத் தெரியாது. நேரம் எடுக்கிறது என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் கெஞ்சியே சொல்லியிருக்கிறேன், இரண்டு நிமிடம்தான்.

வெற்றுக் காசோலையில் கையெழுத்து போட்டு அடமானம் மாதிரிக் கொடுப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, வட்டிக்காரரிடமும் சீட்டுக்காரரிடமும். சட்டம் உங்கள் பக்கம் இல்லை. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்தால் அதை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு அதிகாரம் தந்ததாகவே அந்த 1881 சட்டத்தின் 20-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஒட்டியே தீர்ப்புச் சொன்னது. கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலைமை வந்தால் காசோலை எண்களைப் போட்டு, எதற்காகக் கொடுத்தது என்று எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடன் முடிந்த அன்றே எண்ணிப் பார்த்துத் திருப்பி வாங்குங்கள்.

கேன்சல் செக்

பிஎஃப், இன்சூரன்ஸ், வேலையில் சேருவது, கடன் என எல்லாரும் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கணக்கு எண், பெயர், ஐஎஃப்எஸ்சி மூன்றும் அச்சில் இருக்கும் ஒரு தாள். கையெழுத்து தேவையே இல்லை. குறுக்கே இரண்டு கோடு, நடுவில் பெரிதாக 'கேன்சல்டு', அவ்வளவுதான். கோடு தாள் முழுக்க ஓட வேண்டும், மூலையில் சின்னதாகப் போட்டால் வெட்டி எடுத்துவிடலாம்.

"கையெழுத்து போட்டால்தான் எடுத்துக்கொள்வோம்" என்று சில இடத்தில் அடம்பிடிப்பார்கள். அப்போது பாஸ்புக் முதல் பக்க நகலோ ஸ்டேட்மென்டோ போதுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நகலில் சான்றொப்பம் வேண்டும் என்றால், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று நகல் மேலேயே எழுதி அதன் மேல் கையெழுத்து போடுங்கள். "பிஎஃப் பதிவுக்காக மட்டும்" என்று அச்சுக்கு மேலேயே குறுக்காக ஓடும் ஒரு வரி அந்தத் தாளை வேறு எதற்கும் உதவாததாக ஆக்கிவிடும்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சரியாக விழாத நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "அது வேஸ்ட் சார்" என்பார்கள், பரவாயில்லை கொடுங்கள் என்று சொல்லுங்கள். கடைக் கணினிக்கு வாட்ஸப்பில் அனுப்பி பிரின்ட் எடுத்தால் அந்தச் சாட்டையும் டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் ஃபைலையும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் போடுவதா, கவுன்ட்டரில் கொடுப்பதா

மற்றவர் கொடுத்த காசோலையை உங்கள் கணக்கில் போடும்போது பின்பக்கம் உங்கள் பெயர், கணக்கு எண், கைபேசி எண் எழுதச் சொல்லி டிராப் பாக்ஸ் மேல் ஒட்டியிருப்பார்கள். சலான் தனியாகப் பிரிந்துவிட்டால் யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் அது, அவசியமும்கூட. கைபேசி எண்ணைச் சலானில் எழுதுங்கள், காசோலையின் பின்னால் பெயரும் கணக்கு எண்ணும் போதும். கையெழுத்தை வங்கி கேட்டால் ஒழிய போடாதீர்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், ஜெம் கிளிப் போடுங்கள், எம்ஐசிஆர் பட்டையில் ஓட்டை விழுந்தால் இயந்திரம் படிக்காது.

பெரிய தொகை என்றால் பெட்டியே வேண்டாம். கவுன்ட்டரில் கொடுத்துச் சலானின் பாதியில் சீல் வாங்குங்கள். "பெட்டியில் போடுங்க" என்று அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கவுன்ட்டரில் கொடுத்து ரசீது வாங்கலாம் என்று அந்தப் பெட்டியின் மேலேயே எழுதிவைக்க வேண்டும், கேட்டால் எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள், தருவார்கள்.

படம் எடுத்து அனுப்புவது

அபார்ட்மென்ட் சங்கத்துக்கோ கோயில் திருப்பணிக்கோ யாராவது நன்கொடை கொடுத்தால் காசோலையைக் கையில் பிடித்து போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போடுவது வழக்கமாகிவிட்டது. நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் கொடுத்தவரின் கணக்கு எண்ணும் கையெழுத்தும் 200 பேருடைய போனில் இறங்கிவிடுகிறது, அங்கிருந்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டொனால்ட் க்னூத் என்கிற அமெரிக்கக் கணினி அறிஞரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தன் நூல்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2 டாலர் 56 சென்டுக்குச் சொந்தக் கையெழுத்தில் காசோலை அனுப்புவது அவர் வழக்கம். வாங்கியவர்களில் பலர் அதை மாற்றவே மாட்டார்கள், சட்டம் போட்டு மாட்டுவார்கள், பெருமையோடு படம் எடுத்து இணையத்தில் போடுவார்கள். அந்தப் படங்களிலிருந்து எண்ணை எடுத்து மோசடி நடந்ததால் அவர் கணக்குகளை மூட வேண்டியதாகி, 2008-இல் நிஜக் காசோலை அனுப்புவதையே நிறுத்திவிட்டார். இப்போது கற்பனையான ஒரு வங்கியின் பெயரில் சான்றிதழ் மாதிரித்தான் அனுப்புகிறார். அமெரிக்காவில் எண்ணை வைத்தே கணக்கிலிருந்து பணம் இழுக்கும் வழிகள் இருக்கின்றன, நம் ஊரில் அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் படத்தைப் போட்டவர்கள் எல்லாரும் அவரை மதித்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

படம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் அனுப்புவதற்கு முன் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றது, எம்ஐசிஆர் பட்டை, கையெழுத்து இவற்றின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துவிட்டுப் படம் எடுங்கள். போனில் மார்க்கர் வைத்து அடிப்பதைவிட இது நம்பகமானது. லேசான நிறத்தில் அடித்திருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கும்போது அடியில் உள்ளது தெரிந்துவிடும்.

கடையிலும் அலுவலகத்திலும் காசோலை வாங்குபவர்களுக்கு

உங்கள் மேஜை டிராயரில் இருக்கும் ஒவ்வொரு காசோலையும் இன்னொருவருடைய ரகசியம். பதிவேட்டில் காசோலை எண், வங்கி, தேதி, தொகை, கொடுத்தவர் பெயர் எழுதினால் போதும், கணக்கு எண்ணை முழுசாக எழுத வேண்டாம். பின் தேதியிட்ட காசோலைகளைப் பூட்டில் வையுங்கள், சாவி ஒருவரிடம் இருக்கட்டும், கணக்கை எழுதுபவர் வேறொருவராக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒருவரே பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கைப் பாருங்கள். செக் புக் பொறுப்பில் இருந்த கணக்காளரே கள்ளக் கையெழுத்து போட்டு 42 காசோலைகளை மாற்றிவிட்டார். 1987-இல் உச்ச நீதிமன்றம், கள்ளக் கையெழுத்துள்ள காசோலைக்கு வாடிக்கையாளரின் உத்தரவே கிடையாது, அதனால் அந்தப் பணத்தை அவர் கணக்கில் கழிக்க வங்கிக்கு உரிமை இல்லை என்று சொன்னது. பணம் திரும்பக் கிடைக்கும் வழி இருக்கிறது என்பது ஆறுதல்தான், ஆனால் உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது.

காசோலை திரும்பி வந்தால் அதையும், ஏன் திரும்பியது என்று வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவையும் கண்ட இடத்தில் போடாதீர்கள். அதே 1881 சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்குப் போட மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். ஆகவே கிழிக்கக் கூடாத காகிதம் இது. "இன்னார் செக் பவுன்ஸ்" என்று கடைச் சுவரில் ஒட்டுவது, குரூப்பில் படம் போடுவது இரண்டும் வேண்டாம்.

வங்கி வாயைத் திறக்கக் கூடாத இடம்

"இந்த செக்குக்கு அக்கவுன்ட்டில் பணம் இருக்கா?" என்று போன் செய்து கேட்பவர்கள் தினமும் உண்டு. காசோலை கையில் இருந்தாலும் பதில் சொல்லக் கூடாது. போடுங்கள், பாஸ் ஆனால் தெரியும், அவ்வளவுதான் சொல்லலாம்.

இந்தக் கடமை எங்கிருந்து வந்தது என்று தேடினால் இங்கிலாந்தில் 1924-இல் வந்த டூர்னியே வழக்கில் போய் நிற்கும், அதுவும் ஒரு காசோலையில் தொடங்கியது. டூர்னியே வங்கிக்குச் சில பவுண்டு பாக்கி வைத்திருந்தார். அவருக்கு வந்த ஒரு காசோலை சூதாட்டப் பந்தயம் நடத்தும் ஒருவர் கணக்குக்குப் போனதைக் கிளை மேலாளர் கண்டுபிடித்தார். டூர்னியேயின் வீட்டு முகவரி கேட்பதற்காக அவர் வேலை செய்த கம்பெனிக்குப் போன் செய்த மேலாளர், பாக்கியையும் பந்தய விஷயத்தையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். டூர்னியேயின் வேலை நீட்டிக்கப்படவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம், வாடிக்கையாளர் கணக்கு வழியாகத் தெரிந்ததை ரகசியமாக வைப்பது வங்கியின் கடமை, சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுநலன் கோரினால், வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்பட்டால், வாடிக்கையாளரே சம்மதித்தால் மட்டுமே சொல்லலாம் என்றது. இன்றைக்கும் நம் நீதிமன்றங்கள் இந்த நான்கையும் எடுத்துப் பேசுகின்றன. 2004-இல் கனரா வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், காகிதம் வங்கியிடம் இருந்தாலும் அதன் அந்தரங்கம் வாடிக்கையாளருடையது என்று சொன்னது. ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைகள் ஐந்தில் அந்தரங்கம் ஒன்று.

கவுன்ட்டரில் ஊழியர் உங்கள் இருப்பைச் சத்தமாகச் சொன்னால் "எழுதிக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். காது கேட்காத பெரியவர் ஒருவரிடம் உரக்கச் சொன்னேன், பின்னால் வரிசையில் நின்றிருந்தவர் அவருடைய பங்காளி. மறுவாரம் பெரியவர் வந்து, அவன் கடன் கேட்டு வந்துவிட்டான் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டேன்.

கிழிப்பது எப்படி

கெட்டுப்போன லீஃப், பழைய செக் புக்கில் மீந்தது, நகல் எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கிழிக்க வேண்டும். நடுவில் இரண்டாகக் கிழிப்பது போதாது, ஒட்டிவிடலாம். முதலில் கையெழுத்துப் பகுதியைத் தனியாகக் கிழித்துப் பொடியாக்குங்கள். அடுத்து எம்ஐசிஆர் பட்டையை நீளவாக்கில் வெட்டி, பிறகு குறுக்கே வெட்டுங்கள். கணக்கு எண் கட்டத்தை இலக்கம் இலக்கமாகப் பிரியும்படி வெட்டுங்கள். இரண்டு குப்பையில் இரண்டு நாளில் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்துவிடுங்கள். எடைக்குப் போடும் பழைய பேப்பர் கட்டில் மட்டும் வேண்டாம். அழித்த லீஃபின் எண்ணை நோட்டில் எழுதிவையுங்கள். கணக்கை மூடும்போது மிச்ச லீஃபுகளைக் கிளையில் கொடுத்து, எத்தனை கொடுத்தீர்கள் என்று எழுதி வாங்குங்கள்.

தவறு நடந்துவிட்டால்

லீஃப் தொலைந்தது என்று தெரிந்த நிமிடமே ஸ்டாப் பேமென்ட் போடுங்கள், அதாவது அந்தக் காசோலைக்குப் பணம் தராதீர்கள் என்று வங்கிக்குச் சொல்லுங்கள், ஆப்பிலோ போனிலோ. இப்போது அவகாசம் குறைவு. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் தொடர்ச்சியாக கிளியரிங்குக்கு, அதாவது வங்கிகளுக்கிடையே பணம் தீர்க்கும் இடத்துக்கு, போகின்றன, அன்றைக்கே பாஸ் ஆகிவிடும். நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. கிளியரிங்குக்கு உங்கள் காசோலை வந்தால் எஸ்எம்எஸ் வர வேண்டும், வராவிட்டால் உங்கள் கைபேசி எண் கணக்கில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கையெழுத்தும் எண்ணும் ஒன்றாக வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் கையில் இருக்கும் லீஃபுகளின் எண் வரிசை முழுவதற்கும் ஸ்டாப் போட்டுப் புது செக் புக் வாங்குங்கள், கிளையில் கையெழுத்தையும் மாற்றிக் கொடுங்கள். அந்த அம்மாவுக்கு நாங்கள் செய்தது இதுதான். பணம் எதுவும் போகவில்லை. கணக்கில் பணம் இருக்கும் இன்னொருவர் என்றால் கணக்கு எண்ணையே மாற்றச் சொல்லியிருப்பேன், பென்ஷன் அதில் வருவதால் அது அவருக்குச் சிரமம்.

போலிக் காசோலையில் பணம் போயிருந்தால் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், காசோலைப் படத்தையும் எந்த வங்கி வழியாக வந்தது என்பதையும் கேளுங்கள், போலீஸிலும் புகார் கொடுங்கள். நம் தப்பு இல்லாத ஆன்லைன் மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்குப் பொறுப்பு இல்லை என்கிற 2017 விதி மின்னணுப் பரிவர்த்தனைக்கு மட்டும்தான், காசோலைக்கு அதைக் காட்ட முடியாது, கள்ளக் கையெழுத்து என்ற வாதத்தைத்தான் வைக்க வேண்டும். போனில் பேசி ஓடிபி வாங்கி ஏமாற்றியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வழி தெரியாவிட்டால் 14448-இல் கேளுங்கள்.

புகார்க் கடிதத்தில் வங்கிக்கு முழுக் கணக்கு எண்ணையும் எழுதத்தான் வேண்டும். அதே கடிதத்தை வேறு யாருக்காவது காட்டவோ அனுப்பவோ வேண்டியிருந்தால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் போட்டு இன்னொரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பிரின்ட் போடும்போது சரியாக விழாத தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு.